சுக்கான் இறுகிய ஆண்டு

என் தமக்கையின் கணவர் கண்டி நகரில் வாடகை மோட்டார் வண்டி ஓட்டி வாழ்ந்தவர். தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுச் சென்ற பழைய வண்டி அது. மேலே துணிக் கூரை, பக்கங்கள் திறந்தவை. மழை சாய்ந்து அடித்தால் உள்ளிருப்போர் அனைவரும் நனைவர். ஓட்டுபவர் எல்லாருக்கும் முன்னே நனைவார். அவருக்கு வேறு வருவாய் இல்லை. அவரும் தமக்கையும் கட்டுக்கலையில் குடியிருந்தனர். நான் அப்போது மணமாகாதவன். நகரத்துப் பாடசாலை ஒன்றில் தமிழாசிரியன். அவர்கள் வீட்டின் முன்னறையில் தங்கியிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது.

அத்தானுக்கு வண்டியின் உறுப்புகள் எல்லாம் ஒரு நிலையின அல்ல. எஞ்சினில் புதிய ஓசை கேட்டால் கராஜுக்குக் கொண்டு போவார். சில்லுக் காற்று இறங்கினால் வாடகை வண்டி நிலையத்தில் நிற்கும் எவரிடமும் விட்டுவிடுவார். வண்டியைத் திருப்பும் சுக்கானை மட்டும் பிறர் தொட விடமாட்டார். கைப்பிடி வளையத்திலிருந்து முன் சில்லுகள் வரை நீளும் தண்டுகள், அவற்றின் மூட்டுகள், தண்டின் அடியில் பற்சக்கரம் கிடக்கும் இரும்புப் பெட்டி ஆகிய அனைத்துக்கும் மசகிடுவது அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை. மூட்டுதோறும் கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைக் கிண்ணம் இருக்கும். அதில் மசகை அடைத்து மூடியைத் திருகினால், உள்ளிருப்பது நசுங்கி மூட்டுக்குள் இறங்கும். அவர் சாக்கொன்றை விரித்து வண்டியின் கீழ் மல்லாந்து கிடந்தவாறே ஒவ்வொரு மூடியையும் திருகுவார். பழைய மசகு கறுத்துப் பிதுங்கும்வரை திருகி, பிதுங்கியதைத் துணியால் வழித்தெடுப்பார்.

"ரோட்டுல கெடக்குற கல்லு என் உள்ளங்கைக்குத் தெரியணும் மாப்ள" என்பார். நிலையத்தில் மற்ற ஓட்டுநர்கள் அவரது சுக்கானைத் தொட்டுப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள் என்று தமக்கை என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

அந்த ஆண்டுத் தைப்பொங்கலை ஒட்டிய ஞாயிறன்று மசகுத் தகரம் காலியாக இருந்தது. வழக்கமாக வாங்கும் கடையில் கொழும்பிலிருந்து சரக்கு வரவில்லை. அடுத்த கிழமை வாருங்கள் என்றனர். மறுநாள் விடியற்காலையில் ஒரு குடும்பத்தைக் கம்பளைக்கு ஏற்றிச் செல்ல அவர் வாக்களித்திருந்தார். மசகிடாத சுக்கானோடு புறப்பட மனமின்றி முற்றத்தில் உலவிக்கொண்டிருந்தார். அவ்வேளையில் நான் வாய் திறந்தேன். உராய்வைத் தணிப்பது நெய்ப்பொருளின் இயல்பு. அது எந்நெய்யாயினும் ஒன்றே. வீட்டில் தேங்காயெண்ணெய் இருக்கையில் கடையை நம்பி நிற்பானேன் என்று கேட்டேன். பாடசாலை நூலகத்தில் நான் படித்திருந்த இயற்கைநூல் ஒன்றே அதற்கு ஆதாரம். அவர் தயங்கினார். பின்னர், படித்தவன் சொல்கிறான், ஊற்றிப் பார்ப்போம் என்றார். தமக்கை அடுக்களையிலிருந்து போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தாள். கிண்ணங்களிலும் பெட்டியிலும் எண்ணெயை வார்த்தார்.

தை மாதத்து விடியலில் கண்டியில் தேங்காயெண்ணெய் என்னாகும் என்பதை அறியாதார் எவருமிலர். போத்தலுக்குள் அது வெண்ணிறக் கட்டியாய் இறுகிக் கிடக்கும். தலைக்குத் தேய்க்க நாள்தோறும் அந்தப் போத்தலை அடுப்பருகே வைத்து உருக்கிக்கொண்டவன் நானே. ஆயினும் அடுப்பருகே கண்ட அறிவும் நூலிற் கண்ட அறிவும் என் தலைக்குள் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

கம்பளையிலிருந்து திரும்பியபோது அவர் கைகள் சிவந்திருந்தன. காலையில் உறைந்து கிடந்த எண்ணெய் சுக்கானை அசைய விடாமல் பிடித்திருக்கிறது. வெயில் ஏறியதும் அவ்வளவும் உருகி ஒழுகிப் போக, மூட்டுகள் வறண்டு கிறீச்சிட்டிருக்கின்றன. அவர் சினந்து பேசவில்லை. கேலி செய்தார்.

"வாத்தியாரே, ஒங்க பாடத்த என் வண்டி படிக்க மாட்டேங்குதே" என்றார்.

மறுநாளே அக்கதை நிலையம் முழுதும் பரவிவிட்டது. நான் பாடசாலைக்கு நடந்து செல்லும்போது ஓட்டுநர் ஒருவர், தன் வண்டிக்கு ஊற்ற நல்லெண்ணெய் நல்லதா, நெய் நல்லதா என்று மரியாதையோடு கேட்டார். சிரித்துவிட்டு நடந்தேன். நாணம் மிகுந்திருந்தது.

புதிய மசகு வந்ததும் அத்தான் மூட்டுகளையெல்லாம் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். சுக்கான் பழைய நிலைக்குத் திரும்பியது. மாசி முடிவதற்குள் மறுபடியும் இறுகிக் கட்டையாக இருக்கிறது என்றார். என் எண்ணெய் எங்கோ உள்ளே பிசினாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் புது மசகையும் கெடுக்கிறது என்பது அவர் முடிவு. நான் நம்பினேன். நம்பாதிருக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரோடு வண்டியின் கீழ் படுத்தேன். எவரையும் தொட விடாத சுக்கானை என்னிடம் ஒப்படைத்தார். கழுவும் வேலை முதலில் என்னுடையதாயிற்று. பங்குனியில் மசகு அடைக்கும் வேலை. சித்திரையில் கிண்ணத்து மூடிகளைத் திருகும் வேலையும் எனக்கே வந்தது.

"நீ திருகு மாப்ள. எனக்கு வெரல் வழுக்குது" என்றார்.

மசகு படிந்த விரல் வழுக்குவது இயல்புதானே என்று எண்ணினேன். மன்னித்துவிட்டார், அதனால்தான் தம் வேலையில் எனக்குப் பங்கு தருகிறார் என்றும் எண்ணி மகிழ்ந்தேன். கிழமைக்கு ஒருமுறை என்பது இருமுறையாயிற்று. மூட்டுகளிலிருந்து மசகு வழிந்து வண்டி நிற்குமிடமெல்லாம் கருந்துளிகள் விழுந்தன. முற்றத்துக் கல் மீது கால் வைத்தால் வழுக்கும். அவரோ, இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

வைகாசியில் தொடங்கிய மழை நீடிக்க, ஆனிக் கடைசியில் ஒருநாள் பேராதனை வீதியிலிருந்த கராஜுக்கு இருவரும் வண்டியைக் கொண்டு போனோம். அங்கு வேலை பார்த்தவர் முதிய முஸ்லிம். நகரத்தார் யாவரும் அவரை நானா என்றே அழைத்தனர். அவர் அத்தானை இறக்கிவிட்டுத் தாமே வண்டியை ஓட்டிச் சென்று, சிறிது பொழுதில் திரும்பிவந்தார். சுக்கானில் ஒரு பிழையும் இல்லை, இதைவிட இலேசாகத் திரும்பும் வண்டி இந்த ஊரில் ஓடவில்லை என்றார். அத்தான் ஒப்பவில்லை. நானா சரியாகப் பார்க்கவில்லை என்றார்; பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னார். நானா திறந்து காட்டினார். பற்சக்கரங்கள் மசகில் மூழ்கிப் பளபளத்தன. அத்தான் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்நேரம் நானா என்னைப் பழைய டயர்கள் அடுக்கியிருந்த மூலைக்கு அழைத்துப் போனார்.

"மாஸ்டர், வண்டிய இனி இங்க கொண்டு வராதீங்க. ஆளக் கூட்டிக்கொண்டு போய் டாக்டருக்குக் காட்டுங்க" என்றார். நான் விளங்காமல் விழித்தேன். "அவர்ட கையப் பாத்தீங்களா? பெருவிரலுக்குப் பக்கத்துல இருந்த சதை எங்க போன? நான் சொல்லப்போனா கோவம் வரும். நீங்க சொந்தக்காரர். நீங்க சொல்லுங்க."

அன்று மாலை அத்தான் கதிரையில் சாய்ந்து தேநீர் அருந்துகையில் அவருடைய வலக்கையைப் பார்த்தேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தசை வற்றிக் குழி விழுந்திருந்தது. முன்கைத் தோலின் கீழ், ஆழமில்லாத நீரில் சிறு மீன் புரள்வதுபோல ஏதோ துடித்து அடங்கி மறுபடியும் துடித்தது. கோப்பையை அவர் இரு கையாலும் ஏந்தியிருந்தார். எப்போதிலிருந்து இரு கையால் ஏந்துகிறார் என்பதை நினைவுகூர முயன்றேன், முடியவில்லை. அருகருகே கிடந்து மூடி திருகிய இத்தனை ஞாயிறுகளிலும் நான் கிண்ணங்களையே பார்த்திருக்கிறேன்.

நானாவின் சொல்லை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று மூன்று கிழமை கழிந்தது. சொன்னால் வளையம் அவர் கையை விட்டுப் போகும். அதன்பின் அவருக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு நானே நியாயம் கூறிக்கொண்டேன். அது பாதி உண்மை. மறுபாதி இன்னும் இழிவானது. இறுக்கம் என் எண்ணெயால் வந்ததாக இருக்கும்வரை, அது என் பிழை. மண்ணெண்ணெயும் கந்தைத் துணியும் கொண்டு ஞாயிறுதோறும் நான் அதற்குக் கழுவாய் தேடலாம். நோய் என்றாகிவிட்டால் எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆதலால் அந்த மூன்று ஞாயிறும் முன்னிலும் ஊக்கமாக மசகிட்டேன். கிழமை நாட்களில் அவர் அறியாத மனிதர்களை ஏற்றிக்கொண்டு மலைவீதிகளில் ஓடினார். நான் வகுப்பில் நின்று வேற்றுமை உருபுகளை விளக்கிக்கொண்டிருந்தேன். வீதியில் ஹாரன் ஒலி கேட்கும்போதெல்லாம் பேச்சு நின்றுவிடும். பிள்ளைகள் என்னை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஆடி மாதத்தில் கம்பளையில் உறவினர் ஒருவர் நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்தது. பாடசாலை விடுமுறை ஆதலால் நானும் உடன் சென்றேன். அத்தானுக்கு இடப்பக்கத்தில் நான், பின்னிருக்கையில் தமக்கை. பேராதனைப் பாலத்தைக் கடந்து கெலிஓயாவைத் தாண்டும்வரை அவர் மெதுவாகவே ஓட்டினார். மேலே மலைகளில் மழை பெய்திருந்தது. இடப்புறச் சரிவின் அடியில் மகாவலி செந்நிறமாய்ப் பெருகிச் சென்றது. ஓரிடத்தில் வீதி வலப்பக்கம் வளைந்தது. வண்டி வளையவில்லை.

அவர் தோள்கள் இரண்டும் உயர்ந்து முன்னே சாய்வதைக் கண்டேன். உடம்பு முழுவதையும் வளையத்தின் மீது போட்டார். விரல்கள் மட்டும் அதைப் பற்றாமல் அதன் மேல் நழுவிச் சென்றன. சரிவின் ஓரத்துப் புல் முன் சில்லுக்கு நேரே வந்தது. நான் வளையத்தின் இடப்பக்கத்தைப் பிடித்து மேலே தள்ளினேன். என் வாழ்நாளில் அதற்கு முன் நான் வண்டி ஓட்டியதில்லை; பெருவலிமை வேண்டும் என்றெண்ணி இரு கையாலும் முழுமூச்சாகத் தள்ளினேன். அது காகிதம்போல் திரும்பியது. அளவுக்கு மீறித் திரும்பி, வண்டி வீதியின் குறுக்கே ஓடி எதிர்ப்பக்க மண்மேட்டில் முட்டி நின்றது. எஞ்சின் அணைந்தது. ஆற்றின் இரைச்சல் அப்போதுதான் காதில் விழுந்தது.

"என்ன, நாய் கீய் குறுக்க வந்திச்சா?" என்று தமக்கை பின்னாலிருந்து கேட்டாள். நாங்கள் இறங்கி, முன் சில்லைப் பார்ப்பவர்கள்போல் வண்டிக்கு முன்னே போய் நின்றோம்.

"லேசா இருந்திச்சா?" என்று அத்தான் தாழ்ந்த குரலில் கேட்டார்.

பொய் சொல்ல எண்ணினேன். வாய் வரவில்லை. "லேசாத்தான் இருந்திச்சு அத்தான்."

"எவ்வளவு லேசு?"

"ரெண்டு வெரல் போதும்."

அவர் தலையசைத்தார். தம் உள்ளங்கைகளை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஒன் எண்ணெய் மேல பழியப் போட்டுக்கிட்டு இந்த ஆறு மாசமும் நிம்மதியா இருந்துட்டேன் மாப்ள" என்றார்.

அதைக் கேட்டபின் என்னால் மறைக்க இயலவில்லை. கராஜில் நானா கூறியதையும், கூறி மூன்று கிழமை ஆயிற்று என்பதையும் சொல்லிவிட்டேன். அவர் பின்னிருக்கைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தெரிஞ்சுகிட்டே ஒங்க அக்காளப் பின்னால ஏத்தி ஒக்கார வச்சியா?" என்றார்.

குரலை உயர்த்தவில்லை.

கம்பளைக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீடு சேர வேண்டியிருந்தது. அவருடைய கால்களில் குறையில்லை. என் கைகளில் குறையில்லை. ஆகவே மிதிகளை அவர் பார்த்துக்கொண்டார். கியர்த் தண்டை இரு கையாலும் பிடித்து எப்படியோ மாற்றினார். நான் இடப்பக்கத்திலிருந்து அவர் மார்பின் குறுக்கே சாய்ந்து வளையத்தைப் பிடித்தேன். "இப்ப. இன்னுங் கொஞ்சம். போதும், விடு" என்று அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பினேன். பேராதனைக்குப் பின் வீதியில் ஆள் நடமாட்டம் மிகுந்தது. அறிந்தவர்கள் கையுயர்த்தினர். அவர் தம் இரு கைகளையும் என் கைகளின் மேல் வைத்துக்கொண்டார். வெளியிலிருந்து பார்ப்போருக்கு ஓட்டுபவர் அவரே. அக்கைகளுக்கு எடையே இல்லை.

பின்னிருக்கையில் தமக்கை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் திரும்பினோம் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அடுக்களை வாயிலில் நின்று என்னிடம் மட்டும் சொன்னாள்: "நாலு மாசமா நாந்தான் சட்டைக்குப் பொத்தான் போட்டு விடுறேன். சோத்தையும் உருட்டித்தான் வைக்கிறேன். ஆம்பளைக்கு வெக்கமா இருக்கும்னு ஒங்கிட்டச் சொல்லல." ஒரே கூரையின் கீழ் மூவர், ஆளுக்கொரு துண்டாக ஒரே செய்தியை வைத்துக்கொண்டு, மற்றவருக்கு நோகும் என்று மறைத்திருந்திருக்கிறோம்.

பெரியாஸ்பத்திரியில் மருத்துவர் அவரைக் கட்டிலில் இருத்தி, கையை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், ஊசி முனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். ஊசி குத்துவது தெரிந்தது. விரலை மட்டும் விரிக்க முடியவில்லை. எப்போது தொடங்கியது என்று வினவினார். அத்தான் சிறிது யோசித்து, கார்த்திகையில் ஒருநாள் கோப்பை கைதவறி விழுந்தது என்றார். என் எண்ணெய் தையில்தான் ஊற்றப்பட்டது. தசைக்கு உயிரூட்டும் நரம்புகள் ஒவ்வொன்றாய்ச் சாகின்றன, இதற்கு மருந்தில்லை, மேலும் பரவும் என்று மருத்துவர் என்னிடம் தனியே சொன்னார். முன்பே அழைத்து வந்திருந்தாலும் பயனிராது என்றும் ஆறுதலாகக் கூறினார். அது நோயாளியைப் பற்றிய ஆறுதல். அந்த மூன்று கிழமையில் அவ்வண்டியில் ஏறி இறங்கிய முகமறியாதாருக்கு அது பொருந்துமோ என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

வண்டியை நிலையத்து ஓட்டுநர் ஒருவரே வாங்கிக்கொண்டார். வயதில் இளையவர், அத்தானை அண்ணன் என்று அழைப்பவர். ஆவணியில் ஒரு மாலை அவரும் வேறு இருவரும் அத்தானைப் பார்க்க வந்தனர். அத்தான் கைகளைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு கதிரையில் அமர்ந்திருந்தார். வந்தவர்களில் ஒருவர் விவரமறியாதவர். நன்றாக ஓடிய வண்டியை ஏன் கொடுத்துவிட்டீர்கள் என்று கேட்டார்.

"ஸ்டியரிங் சரியில்ல. ரொம்பக் கட்ட. அதான் குடுத்துட்டேன்" என்றார் அத்தான்.

அவ்வண்டியை அன்று காலையும் ஓட்டிய இளையவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஆமாண்ணே. கட்டதான். எனக்கே கை வலிக்குது."

அத்தான் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, ஞாயிறு தவறாமல் மசகிட வேண்டும், பெட்டியின் மூடியை இறுக்கிப் பூட்ட வேண்டும் என்று நெடுநேரம் அவருக்கு முறை சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் தெரியாதவர்போல் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். தமக்கை தேநீர் கொண்டுவந்தாள். அத்தானுக்கு மட்டும் வைக்கவில்லை. அவர்கள் போனபின் புகட்டினாள்.

மருத்துவமனைக்கு மாதமொருமுறை அதே வண்டியில்தான் போனோம். இளையவர் வாடகை வாங்க மறுத்தார். அத்தான் பின்னிருக்கையில் எனக்கருகில் அமர்வார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலக்கால், பிரேக்கை மிதிப்பதுபோல், முன்னிருக்கையின் அடியில் இருந்த வெறும் பலகையை அழுத்தும். வளைவு கடந்ததும் தளரும். அவர் அதை அறிந்தே செய்தாரோ, அறியாமல் செய்தாரோ, தெரியாது. முன்னே ஓட்டுபவர் கண்ணாடியில் ஒருமுறை அதைக் கண்டார். அன்று முதல் வளைவுகளில் வண்டியை இன்னும் மெதுவாக்கினார்.

அடுத்த ஆண்டு பங்குனியில் அந்தக் காலும் அழுத்துவதை நிறுத்தியது. அன்று வளைவு வந்தது. நான் குனிந்து பார்த்தேன். பாதம் பலகைமீது வைத்த நிலையிலேயே கிடந்தது. தலையைத் திருப்பாமல் அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.